கோவேறு கழுதைகள் நடந்த பாதை



அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், போட்டோமாக் ஆறு மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓடும் ஓரிடத்தில், கால்வாய்க்காக மலையைக் குடைந்த சுரங்கம் ஒன்று இருக்கிறது. பெயர் பாவ்பாவ் சுரங்கம். நீளம் 3,118 அடி. உள்ளே விளக்கு கிடையாது. சைக்கிளில் வருகிறவர்கள் வாயிலில் இறங்கி, விளக்கைப் போட்டுக்கொண்டு, வண்டியை உருட்டியபடி நடக்கிறார்கள். ஒரு பக்கம் செங்கல் சுவர். மறுபக்கம் கருத்த நீர். நடுவே ஒடுங்கிய பாதை. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரின் ஓசை முன்னும் பின்னும் எதிரொலிக்கும். பாதையோரம் இடுப்புயரத்துக்கு ஒரு மரக் கைப்பிடி. அதன்மேல் கையை வைத்துக்கொண்டே நடந்தால், வழவழப்பான மரத்தில் விரல்கள் சட்டென்று ஒரு பள்ளத்தில் இறங்கும். இரண்டடி தள்ளி இன்னொன்று. கிணற்றுக் கல்லில் தாம்புக்கயிறு அறுத்த தடத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பள்ளம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. படகை இழுத்த கயிறு ஆண்டுக்கணக்கில் உரசி உரசி மரத்தைத் தின்ற தடம் அது.

கயிற்றின் மறுமுனையில் இருந்தவை கோவேறு கழுதைகள். அவை நடந்த பாதையில்தான் இன்று கிராவல் சைக்கிள்கள் ஓடுகின்றன. வாஷிங்டன் நகரிலிருந்து கம்பர்லாந்து வரை 184.5 மைல், செசபீக் - ஒஹாயோ கால்வாயின் கரை. கம்பர்லாந்திலிருந்து பிட்ஸ்பர்க் வரை 150 மைல், கைவிடப்பட்ட ரயில் தடம். அதற்கு கிரேட் அலிகேனி பாசேஜ் என்று பெயர். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 540 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் பெரும்பாலும் காரும் லாரியும் குறுக்கே வராது. ஆறு கூடவே வரும், காடு கூடவே வரும், இருநூற்றைம்பது ஆண்டு வரலாறும் கூடவே வரும்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். கிராவல் சைக்கிள் என்பது ரேஸ் சைக்கிளின் உடம்பும் நாட்டுச் சைக்கிளின் மனசும் கொண்டது. ஹேண்டில்பார் கீழ்நோக்கி வளைந்திருக்கும். டயர் மட்டும் பருமன். சுமார் 40 மில்லிமீட்டர். தார்ச்சாலை ரேஸ் வண்டியின் டயரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. காற்றைக் குறைவாகவே அடிப்பார்கள், சரளைக்கல்லின் அதிர்வை டயரே வாங்கிக்கொள்ளட்டும் என்று. பலர் ட்யூப் போடுவதில்லை. டயருக்குள் பால் போன்ற ஒரு திரவத்தை ஊற்றி வைக்கிறார்கள். முள் குத்தினால் அந்தத் திரவமே ஓட்டையை அடைத்துவிடும். 2006-ல் கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியா என்ற சிற்றூரில் 34 பேர் கப்பிச் சாலைகளில் 200 மைல் ஓட்டிப் பந்தயம் வைத்தார்கள். இன்று அன்பவுண்ட் கிராவல் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் கூடும் திருவிழா அது.

இதில் ஒரு விந்தை உண்டு. 1880-ல் அமெரிக்க சைக்கிள்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: சேறும் புழுதியும் இல்லாத நல்ல சாலை. அந்தக் கிளர்ச்சியால் சாலைகள் வந்தன. வந்த சாலைகளைக் கார்கள் எடுத்துக்கொண்டன. நூறு ஆண்டுக்குப் பிறகு சைக்கிள்காரர்கள் மறுபடியும் கப்பியையும் மண்ணையும் தேடிப் போகிறார்கள். ஓட்டிவிட்டு உயிரோடு வீடு திரும்பலாம் என்பது அதற்கு முக்கியமான காரணம். இன்னொரு காரணம், அந்தப் பாதைகளில் நின்று பார்க்க முடிகிறது என்பது.

வாஷிங்டனிலிருந்து பிட்ஸ்பர்க் வரை போகும் இந்தப் பாதையில் நின்று பார்த்தால், முழுக்கத் தெரிவது தோல்விதான்.

அலிகேனி மலைகளுக்கு அப்பால் ஒஹாயோ ஆறு. அங்கே விளைவதைக் கிழக்குக் கடற்கரைக்குக் கொண்டுவர நீர்வழி வேண்டும் என்பது ஜார்ஜ் வாஷிங்டனின் வாழ்நாள் கனவு. 1754-ல், இருபத்திரண்டு வயதில், படைக்கு நீர்வழி தேடி யாக்கியோகேனி ஆற்றில் இறங்கினார். ஒஹாயோபைல் அருவி அவரைத் தடுத்துத் திருப்பி அனுப்பியது. 1785-ல் போட்டோமாக்கைச் சீர்செய்ய ஒரு கம்பெனியே தொடங்கித் தலைவராக இருந்தார். அதுவும் முழுமை பெறவில்லை. பிறகு 1828 ஜூலை 4 அன்று, ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் செசபீக் - ஒஹாயோ கால்வாய்க்கு முதல் மண்ணை வெட்டினார். மண்வெட்டி வேரில் பட்டது. மறுபடி வெட்டினார், மறுபடியும் வேர். கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓங்கி வெட்டினார், கூட்டம் ஆரவாரித்தது. அதே நாளில், பால்டிமோரில், பால்டிமோர் - ஒஹாயோ ரயில்பாதைக்கு முதல் கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் சார்லஸ் கேரல். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அன்று உயிரோடு எஞ்சியிருந்த ஒரே மனிதர்.

இரண்டும் ஒரே இடத்துக்குப் போகக் கிளம்பியவை. ரயில் 1842-ல் கம்பர்லாந்தைத் தொட்டது. கால்வாய் 1850-ல் தொட்டது. எட்டு ஆண்டு பின்தங்கிவிட்டது. கம்பர்லாந்துக்கு அப்பால் ஒஹாயோவை நோக்கி ஓரடி கூடத் தோண்டப்படவில்லை.

கால்வாய் எப்படி மலை ஏறும் என்ற கேள்வி எழுவது இயல்பு. வாஷிங்டனுக்கும் கம்பர்லாந்துக்கும் இடையே உயர வேறுபாடு சுமார் 605 அடி. அதை 74 லாக்குகளாகப் பிரித்தார்கள். லாக் என்பது இரண்டு முனையிலும் கதவு வைத்த நீளமான கல்தொட்டி. படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவைச் சாத்தி, மேலிருந்து தண்ணீரை விடுவார்கள், தொட்டி நிரம்ப நிரம்பப் படகு சுமார் எட்டடி உயரும், மேல்கதவு திறக்கும், படகு போகும். இன்று தொட்டிகள் பலவற்றில் தண்ணீர் இல்லை, உள்ளே மரம் முளைத்திருக்கிறது. ஆனாலும் சைக்கிள் ஓட்டுகிறவரின் தொடைக்கு லாக் வருவது தெரியும். மைல் கணக்கில் மேசைபோல் சமதளமாக இருக்கும் பாதை, ஒவ்வொரு லாக்கிலும் மட்டும் எட்டடிக்கு ஒரு சின்ன ஏற்றம் காட்டும். பக்கத்திலேயே வெள்ளையடித்த ஒரு சிறு வீடு. லாக் காவலரின் வீடு. ஆண்டுக்கு 150 டாலர் சம்பளமும், இந்த வீடும், காய்கறி போட ஒரு துண்டு நிலமும் அவருக்கு. எந்த நேரம் படகுக்காரர் கொம்பு ஊதினாலும் எழுந்து கதவைத் திறக்க வேண்டும். இந்த வீடுகளில் சிலவற்றை இப்போது பயணிகள் இரவு தங்க வாடகைக்குத் தருகிறார்கள்.

படகு ஒவ்வொன்றும் 120 டன் வரை நிலக்கரி சுமந்தது. படகுதான் குடும்பத்தின் வீடும். அப்பா சுக்கானைப் பிடிக்க, அம்மா சமைக்க, பிள்ளைகள் கழுதைகளோடு கரையில் நடந்தார்கள். 1870-களில் உச்சம்; ஓராண்டில் ஒன்பது லட்சம் டன்னுக்கு மேல் சரக்கு போனது. இவ்வளவையும் காலால் நடந்து இழுத்தவை கழுதைகள், அவற்றை ஓட்டியவர்கள் சிறுவர் சிறுமியர் என்பதை அந்தக் கரையில் சக்கரம் உருட்டுகிறவர்கள் மறக்கக் கூடாது.

அதைவிட மறக்கக் கூடாதவர்கள் வெட்டியவர்கள். பாவ்பாவ் சுரங்கத்தை ஏற்ற காண்டிராக்டர் லீ மாண்ட்கோமரி ஒரு மெத்தடிஸ்ட் போதகர். இரண்டு ஆண்டில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு 1836-ல் தொடங்கினார். ஆற்றின் ஆறு மைல் வளைவைத் தவிர்ப்பதற்காக இந்தக் குடைவு. பாறை இளகிச் சரிந்துகொண்டே இருந்தது. பணம் தீர்ந்தது. அயர்லாந்துக் கூலிகளும் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரும் ஆங்கிலேயக் கொத்தனார்களும் சம்பளம் வராத கோபத்தில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். வேலை பல ஆண்டுகள் நின்றது. முடிந்தது 1850-ல், பதினான்கு ஆண்டு. உள்ளே பதித்தவை அறுபது லட்சம் செங்கல்லுக்கு மேல். அதற்கு முன்பே, 1832-ல், ஹார்ப்பர்ஸ் ஃபெரி பக்கத்துக் கூலி முகாம்களைக் காலரா சூறையாடியிருந்தது. செத்தவர்கள் பலரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

பாவ்பாவ் என்பது ஒரு மரத்தின் பெயர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பப்பாளியோடு இதற்கு உறவில்லை. இது நம் சீத்தாப்பழத்தின் குடும்பம். வெப்ப நாட்டுக் குடும்பத்திலிருந்து குளிர் நாட்டுக்குப் போய்ப் பனியில் பிழைக்கக் கற்றுக்கொண்ட மரம். செப்டம்பரில் போட்டோமாக் கரையெங்கும் பழுத்து விழும். தோலைக் கிழித்தால் மஞ்சள் நிறக் கூழ், உள்ளே சீத்தாவைப் போலவே வழுக்கும் கறுப்பு விதைகள், ஆனால் பெரியவை. சீக்கிரம் கெட்டுவிடுவதால் கடைக்கு அதிகம் வருவதில்லை. பாதையில் போகிறவர்களுக்குத்தான் கிடைக்கும்.

ஆற்றோடு இறங்கினால் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த நிலம் வரும். ஷெனன்டோவா ஆறு போட்டோமாக்கில் கலக்கும் முனையில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி. 1859 அக்டோபர் 16 இரவு, மேரிலாந்துக் கரையிலிருந்து பாலத்தைக் கடந்து ஜான் பிரவுன் தன் சிறு கூட்டத்தோடு நுழைந்து ஆயுதக் கிடங்கைப் பிடித்தார். அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்து எழுச்சி உண்டாக்குவது திட்டம். இரண்டே நாளில் பிடிபட்டார்; டிசம்பர் 2-ல் தூக்கு. இன்றும் கால்வாய்க் கரையிலிருந்து அந்த ஊருக்குள் போக ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாதையில்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கீழே இரண்டு ஆறுகள், பக்கத்தில் சரக்கு ரயில்.

அங்கிருந்து சில மணி நேரம் ஆற்றின் மேல்நோக்கி ஓட்டினால் ஷார்ப்ஸ்பர்க். 1862 செப்டம்பர் 17 அன்று அந்த ஊரின் மக்காச்சோளக் கொல்லைகளில் நடந்தது உள்நாட்டுப் போரின் ஆன்டீட்டம் சண்டை. பன்னிரண்டு மணி நேரத்தில் இரு பக்கமும் சேர்த்துச் செத்தவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் சுமார் 23,000 பேர். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் இவ்வளவு ரத்தம் வேறெப்போதும் சிந்தியதில்லை. போர்க்களத்துக்குக் காரில் போகிறவர்கள் பீரங்கிகளையும் நினைவுத் தூண்களையும் பார்ப்பார்கள். கால்வாய்க் கரையில் வருகிறவர்கள் பார்ப்பது வேறு: பாதையை ஒட்டிய பாறையில் வாய் பிளந்த ஒரு குகை. கில்லியன்ஸ்பர்க் குகை. குண்டு விழத் தொடங்கியதும் ஊர் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து பதுங்கிய இடம். பெரிய குகைகூட அல்ல. பாறையின் கீழே ஒரு தாழ்வாரம்போல. அந்தச் சண்டையின் அளவு தூண்களைவிட இந்தத் தாழ்வாரத்தில்தான் பிடிபடுகிறது.

கால்வாயைக் கொன்றது போர் அல்ல, வெள்ளம். 1889-ல் கரை உடைந்து கம்பெனி திவாலானது. போட்டியாளரான ரயில் கம்பெனியின் பிடிக்குள் கால்வாய் போனது. 1924 வெள்ளத்தோடு படகுகள் நின்றன. 1938-ல் மத்திய அரசு 20 லட்சம் டாலருக்கு வாங்கியது. வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் அரசு அமைத்த வேலை முகாம்களின் கறுப்பின இளைஞர்கள் கீழ்ப்பகுதியின் 22 மைலை மண் சுமந்து சீர்செய்தார்கள். அவர்கள் கையால் எழுந்த கரையில்தான் இன்றும் வாஷிங்டன்காரர்கள் காலை நேரத்தில் ஓடுகிறார்கள்.

பிறகு ஆபத்து வேறு உருவில் வந்தது. கால்வாயை மூடிக் கரையோடு கார்ச்சாலை போடலாம் என்று திட்டம். 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் தலையங்கம் எழுதி ஆதரித்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அதற்குப் பதில் கடிதம் எழுதினார். ஆசிரியர் தன்னோடு வந்து முழுக் கால்வாயையும் நடந்து பார்க்கட்டும், அப்புறம் எழுதட்டும் என்பது சாரம். வெறும் வாய்ச்சவடால் இல்லை. மார்ச் 20-ல் கம்பர்லாந்தில் மூட்டையோடு நின்றார். வயது 55. போஸ்ட்டின் மெர்லோ பியூசி, ராபர்ட் எஸ்டபுரூக் என்ற இரண்டு ஆசிரியர்களும் வந்தார்கள். வன உயிரியலாளர் ஓலவ்ஸ் முரியும் வந்தார். எட்டு நாள். வழியில் சேர்ந்தவர்களும் கொப்புளம் கண்டு விலகியவர்களுமாகப் பலர். தொடக்கம் முதல் இறுதி வரை நடந்தவர்கள் ஒன்பது பேர். பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது. ஆனால் அதோடு வேலை முடியவில்லை. 1961-ல் ஒரு பகுதிக்குப் பாதுகாப்பு, 1971 ஜனவரியில்தான் முழுவதும் தேசிய வரலாற்றுப் பூங்கா. ஒரு நடைக்குப் பின் பதினேழு ஆண்டு மனுப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்தப் பதினேழு ஆண்டைப் பற்றி யாரும் படம் எடுக்கப் போவதில்லை. ஆனால் பாதையைக் காப்பாற்றியது அதுதான்.

கால்வாயைத் தோற்கடித்த ரயில்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தனவா என்றால், அதுவும் இல்லை. கம்பர்லாந்துக்கு மேற்கே 1912-ல் வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே போட்ட தடம், அறுபத்து மூன்று ஆண்டே ஓடி 1975-ல் கைவிடப்பட்டது. தண்டவாளத்தைப் பிடுங்கிய மேட்டில் தூளாக்கிய சுண்ணாம்புக்கல்லைக் கொட்டி உருளை ஓட்டினார்கள். 1986-ல் ஒஹாயோபைல் பக்கத்தில் ஒன்பது மைல் திறந்தது. பிட்ஸ்பர்க் முனை வரை சேர்ந்தது 2013 ஜூனில்.

கம்பர்லாந்திலிருந்து இந்தத் தடத்தில் ஏறுகிறவர்கள் முதல் நாள் முழுக்க ஏறிக்கொண்டே இருப்பார்கள். 24 மைலில் சுமார் 1,750 அடி. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் நூறு அடிக்கு ஒன்றரை அடி ஏற்றம்தான். அதற்கு மேல் ஏற்றம் இருந்தால் நீராவி எஞ்சின் சரக்கை இழுக்கத் திணறும் என்பதால் மலையையே வளைத்துச் சுற்றிப் பாதை போட்டார்கள். கழுதையின் சக்தியும் எஞ்சினின் சக்தியும் வகுத்த சரிவு, இன்று அறுபது வயதுக்காரரின் முழங்காலுக்குப் பொருந்திவிட்டது. வழியில் பென்சில்வேனியாவையும் மேரிலாந்தையும் பிரிக்கும் மேசன் - டிக்சன் கோடு. 1763 முதல் 1767 வரை அளந்தது. பிறகு பிக் சாவேஜ் சுரங்கம், 3,294 அடி. குளிர்காலத்தில் உறைபனியால் கெடாமல் இருக்க டிசம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை கதவு சாத்திவிடுவார்கள். அதைத் தாண்டிச் சற்று மேலே, 2,392 அடியில், நீர் பிரியும் மேடு. இந்தப் பக்கம் விழும் மழை செசபீக் விரிகுடாவுக்கு, அந்தப் பக்கம் விழுவது மெக்சிகோ வளைகுடாவுக்கு. அதன்பின் காசல்மன் ஆற்றின் மேல் 1,908 அடி நீள இரும்புப் பாலம், கீழே வயல்கள். பிறகு யாக்கியோகேனியின் காடு, வாஷிங்டனைத் திருப்பி அனுப்பிய அருவி.

காடு அழகுதான், ஆனால் காட்டுக்கு அடியில் நிலக்கரி. வான் மீட்டர் என்ற சிற்றூரில் பாதையோரம் ஒரு பலகை. 1907 டிசம்பர் 19 அன்று அங்கே டார் சுரங்கம் வெடித்தது. 239 பேர், ஆண்களும் சிறுவர்களும். பெரும்பாலும் ஹங்கேரியிலிருந்தும் அதைச் சுற்றிய நாடுகளிலிருந்தும் வந்த கூலிகள். அன்று கிழக்குத் திருச்சபையின் நாட்காட்டிப்படி புனித நிக்கோலஸ் திருநாள். வேலைக்குப் போகாமல் கோயிலுக்குப் போனவர்கள் பிழைத்தார்கள். 71 பேரை ஒரே குழியில் புதைத்தார்கள். அவர்களில் 49 பேர் யாரென்றே தெரியவில்லை. அந்தப் பலகைக்கு முன் பெரும்பாலான சைக்கிள்கள் நின்றுவிடுகின்றன. பழைய சுரங்கங்களிலிருந்து இரும்பு கலந்த நீர் இன்றும் கசிந்து வந்து வழியோரப் பாறைகளைத் துருப்பிடித்த ஆரஞ்சு நிறத்தில் நனைத்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பயணத்துக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். கால்வாய்க் கரையில் சில மைலுக்கு ஒருமுறை இலவச முகாம். ஒரு மேசை, ஓர் அடுப்பு, ஓர் அடிபம்பு. பம்பில் வருவது அயோடின் கலந்து சுத்திகரித்த நீர். லேசான மருந்து வாசம் இருக்கும். அடுத்த ஊர் சில இடங்களில் எட்டு மைலோ பத்து மைலோ, சில இடங்களில் இன்னும் தள்ளி. மழைக்குப் பின் கால்வாய்க் கரையின் சேறு செயினிலும் பிரேக்கிலும் அப்பிக்கொண்டு நறநறக்கும். சுண்ணாம்புப் பொடிப் பாதையில் அந்தத் தொல்லை குறைவு. வேகம் மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர். பெரிய நீல நாரை ஒன்று கால்வாய் ஓரத்தில் நின்றுகொண்டே இருக்கும், சைக்கிள் நெருங்கும்போது எழுந்து நூறு கஜம் முன்னே பறந்து போய் மறுபடி நிற்கும், மறுபடி எழும். இப்படியே ஒரு மைல் தூரம் வழிகாட்டிக்கொண்டு போகும்.

கடைசி நாளில் ஹோம்ஸ்டெட் வரும். 1892 ஜூலை 6 அன்று எஃகு ஆலைத் தொழிலாளர்களுக்கும், கம்பெனி படகில் இறக்கிய பிங்கர்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் அடியாட்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்த கரை. ஆலை போய்விட்டது, பம்பு அறை ஒன்று மட்டும் பாதையோரம் நிற்கிறது. அங்கிருந்து சில மைலில் பிட்ஸ்பர்க்கின் முனை. மோனோங்கஹேலாவும் அலிகேனியும் அங்கே கூடி ஒஹாயோ ஆறாகின்றன. 1828-ல் கோட்டைக் கழற்றி வெட்டத் தொடங்கிய கால்வாய் வந்து சேர வேண்டிய ஆறு இதுதான். படகு ஒன்றுகூட அந்த வழியாக வரவில்லை. வாஷிங்டனில் கால்வாய் ஆற்றில் கலக்கும் இடத்தின் சுழிய மைல்கல்லிலிருந்து கிளம்பியவர்கள் இங்கே சைக்கிளை நிறுத்துகிறார்கள். சட்டத்தில் காய்ந்த போட்டோமாக் சேறு, டயரில் வெள்ளைச் சுண்ணாம்பு. எதிரே, தட்டையான மிதவைகளை வரிசையாகப் பிணைத்து முன்னே தள்ளிக்கொண்டு, ஒரு விசைப்படகு நிலக்கரி ஏற்றிப் போகிறது.